பச்சை மேடத்தின் நாற்காலி

காது கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருத்தியின் கதை இது. நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையில் உட்கார இடம் கிடைப்பது லேசில்லை. அதனால் இப்போதே பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் அவளுடைய அறை. இரண்டு நாற்காலி, ஒரு முக்காலி, தெருவைப் பார்த்த ஜன்னல், சுற்றும்போதெல்லாம் உச்சுக் கொட்டுகிற மின்விசிறி. அழுகிறவர்களுக்காக மேசைமேல் ஒரு பெட்டி நிறைய மெல்லிய காகிதம். அழ ஆள் வராததால், கீழே இருந்த கண்ணாடிக் கடைக்காரர் அதைக் கேட்டு வாங்கி லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை. அந்தப் பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை.

"நாம சொல்றதைக் கேக்கறவங்க, அவ்வளவுதானே? கேக்கறக்கான்னு சொல்லிட்டாப் போச்சு," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அன்றிலிருந்து அவள் கேக்கறக்கா.

முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அந்தத் திரைச்சீலை இருந்த இடத்தில் மருந்துக் கவுன்ட்டரை நீட்ட வேண்டியிருந்தது. சீலையை மடித்தார்கள், அவளையும் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவளைத் தேடிக்கொண்டு இங்கே வந்தவர் ஒரே ஒருவர். லிஃப்ட் மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலைப் பையோடு வருவார். பையைக் கதவோரம் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்காருவார். பேச்செல்லாம் லிஃப்ட் பேச்சுதான். எந்தக் கட்டடத்தில் கதவு ஒட்டுகிறது, எங்கே கம்பிக்கயிறு தேய்கிறது, எந்த ஆபீஸில் பொத்தானை விடாமல் குத்தினால் சீக்கிரம் வரும் என்று நம்புகிறார்கள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் எப்போதாவது பேச்சு நின்றுபோகும். உதட்டை நனைத்துக்கொள்வார்.

"அன்னிக்கு மெயின் சுவிட்சை..."

அத்தோடு சரி. கையைப் பார்ப்பார். "அடுத்த வாரம் சொல்றேன்க்கா."

'அன்னிக்கு' என்றால் எந்த நாள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, நகரக்கூடாத லிஃப்ட் நகர்ந்துவிட்டது. அடியில் குழிக்குள் இருந்தது கூட வேலை பார்த்த மச்சான், மனைவியின் தம்பி. எதிர்பாராத விபத்து என்று கம்பெனி கதையை முடித்தது. வீட்டில் அழுது ஓய்ந்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் ஒரு வாக்கியம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

"வீட்ல சொல்ல முடியாதுக்கா. அவ முதல்ல அவனுக்கு அக்கா. எனக்குப் பொண்டாட்டி அதுக்கப்புறம்தான்," என்றார் ஒருநாள். "இந்த ரூம்லதான் தொண்டை வரைக்குமாவது வருது. வேற எங்கயும் அதுகூட வரமாட்டேங்குது."

ஆகவே அந்த அறை இருக்க வேண்டும். கேக்கறக்காவின் ஆசை அவ்வளவுதான். புகழ் வேண்டாம், பெயர் வேண்டாம்; அந்த மனிதர் அந்த வாக்கியத்தை முடிக்கிற வரைக்கும் நான்கு சுவரும் ஒரு கதவும் வேண்டும். ஆனால் கட்டடத்துச் சொந்தக்காரருக்கு வேறு கவலை. நகத்துக்கு அலங்காரம் செய்கிற ஒரு கடைக்காரர் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா மாடிப்படில காலடிச் சத்தமே கேக்கலையே," என்றார் சொந்தக்காரர். "வருஷக் கடைசி வரைக்கும் பாக்கறேன். ஆள் வரலேன்னா நகத்துக்குக் குடுத்துடுவேன். நகம்னா கைக்கு அஞ்சு பாருங்க."

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். எதையும் வண்டியோடு பொருத்தித்தான் பார்ப்பார். "ஹாரன் அடிக்காம வளைவுல திரும்பினா எவனுக்குத் தெரியும் நீ வர்றது? நீ அடிக்கவே மாட்டேங்கற," என்றார். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரோ சொன்னார்களாம், இதற்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது என்று.

இப்படித்தான் அவள் மன்றத்தில் சேர்ந்தாள்.

மன்றத்தின் முழுப்பெயர், மனநலத் தொழில்முனைவோர் வெளித்தெரிவு மேம்பாட்டு மன்றம். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் மூச்சுப்பயிற்சியில் பாதி முடிந்த கணக்கு என்பார்கள். உயரமான கட்டடத்தின் உச்சி மாடியில் அலுவலகம். லிஃப்ட்டின் உள்சுவரில் 'உயர்வோம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்த லிஃப்ட் அடிக்கடி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். அதற்காகக் கீழே இன்னொரு வாசகமும் ஒட்டியிருந்தார்கள்: 'நீங்கள் சிக்கிக்கொள்ளவில்லை. இளைப்பாறுகிறீர்கள்.'

"அந்த லிஃப்ட் என்னோடதுதான்க்கா," என்று மெக்கானிக் அடுத்த செவ்வாய்க்கிழமை சொன்னார். "கதவுப் பக்கத்து ரோலரை மாத்தச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அந்தத் துட்டுல இன்னொரு போர்டு எழுதி மாட்டறாங்க."

மன்றத் தலைவர் முன்பு தரைவிரிப்பு விற்றவர். விரிப்பும் மனசும் ஒன்று, மிதிபடுவதற்கு முன்னால் நன்றாகக் காட்சிக்கு வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. முதல் நாள் கூட்டத்தில் அவர் மேடை ஏறியதும் எல்லோரும் எழுந்து நின்று, நெஞ்சுப் பக்கத்தில் செல்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தார்கள்: "நான் தெரிவேன். தெரிவதால் இருப்பேன்." கேக்கறக்காவின் போன் கைப்பைக்குள் இருந்ததால் அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திருட்டுப் பயம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"அன்பர்களே, துக்கம் நம்மைச் சுத்தி எவ்வளவு இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்தார் தலைவர். "பஸ் ஸ்டாப்ல நிக்குது. ஆபீஸ்ல உக்காந்திருக்கு. வீட்ல போர்வைக்குள்ள படுத்திருக்கு. ஆனா யாருக்கும் பிரயோஜனம் இல்லாம சும்மா கெடக்கு! நாலு பேர் தானாப் பேசித் தானா ஆத்திக்கறான். அக்கம்பக்கத்துல சொல்லி அழறான். இது எவ்வளவு பெரிய வீணடிப்பு! அக்கம்பக்கம்தான் நமக்கு முதல் போட்டியாளர். அதை நாம மறந்துடக் கூடாது."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

கேக்கறக்காவுக்கு வழிகாட்ட ஒரு வளர்ச்சி அலுவலரை ஒதுக்கினார்கள். இளம்பெண். கெட்டவளில்லை, பாவம். தூங்கி எழுந்தவுடன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறவளைப் போலக் கடகடவென்று பேசுவாள். முதல் வேலையாக அவளைப் புகைப்படம் எடுக்க அழைத்துப் போனாள். அதற்கு 'அக்கறை முகம்' என்று பெயர்.

"தலையைக் கொஞ்சம் சாய்ங்க மேடம். இன்னும். போதும் போதும், அவ்வளவு சாய்ச்சா கழுத்து வலிக்கு வைத்தியம் பாக்கறவங்கன்னு நெனச்சுப்பாங்க. இப்ப சிரிங்க. சந்தோஷமா வேணாம். உங்களுக்கும் கஷ்டம் வந்துச்சு, ஆனா நீங்க ஜெயிச்சுட்டீங்க, அந்தச் சிரிப்பு."

"நான் எதையும் ஜெயிக்கலையேம்மா."

"அது படத்துல தெரியாது மேடம்."

அடுத்தது முக்கியமான கட்டம். ஒவ்வொரு உறுப்பினரும் தமக்கு உகந்த வாடிக்கையாளர் யார் என்று மனதில் வரைந்துகொள்ள வேண்டும். எல்லோரையும் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், ஒரே ஒருவரைக் கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள் என்பது மன்றத்தின் கண்டுபிடிப்பு.

"எனக்கு யார் வந்தாலும் சரிதாம்மா," என்றாள் கேக்கறக்கா.

"அதுதான் மேடம் உங்க வியாதி. பரவால்ல, நானே வரைஞ்சு தரேன்." அலுவலர் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு அம்மா. கம்பெனில நடு உத்தியோகம். வெளிர் பச்சைல பருத்தி உடை. வீட்ல செடி வளக்கறாங்க. விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துடுது, உடனே போனை எடுக்கறாங்க. துக்கம் உண்டு, ஆனா ரொம்ப இல்ல."

"ஏன், ரொம்ப இருந்தா என்ன?"

"ரொம்பத் துக்கம் இருக்கறவங்க போனை எடுத்துத் தேடமாட்டாங்க மேடம். படுத்துடுவாங்க. நமக்கு வேண்டியது கொஞ்சமா துக்கம், கூடவே நல்ல சிக்னல்."

வீட்டில் இதைக் கேட்ட கணவர் தட்டில் கையை வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, உன்னோட பச்சை மேடம் எப்ப வர்றாங்களாம்?" அன்றிலிருந்து அந்தக் கற்பனை அம்மாவுக்குப் பச்சை மேடம் என்றே பெயர் ஆகிவிட்டது. நாளடைவில் அலுவலரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

பச்சை மேடம் வரவேண்டுமானால் முதலில் அவருக்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். மன்றத்தின் சடங்குகளிலேயே பெரியது இந்த நாற்காலிப் பயிற்சிதான். அறையில் இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றின்மேல் வெளிர் பச்சைத் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. காலையில் அறையைத் திறந்ததும் அந்த நாற்காலிக்கு வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலம் நாற்காலியைப் படம் எடுத்து அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

"வாங்க, உக்காருங்க. ராத்திரி தூக்கம் வந்துதா?" என்று அவள் காலி நாற்காலியிடம் கேட்டது கீழே கண்ணாடிக் கடைக்காரரின் காதில் விழுந்துவிட்டது. மனிதருக்கு ஒரே சந்தோஷம். உடனே டீ வரவழைத்து, இரண்டு கோப்பையாக எடுத்துக்கொண்டு தானே மாடி ஏறி வந்தார். உள்ளே பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"போயிட்டாங்களா?" என்றார்.

"இன்னும் வரலை."

"ஓ." ஒரு கோப்பையை மேசையில் வைத்தார். இன்னொன்றை எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு, கடைசியில் நின்றபடி தானே குடித்தார். நாற்காலியில் உட்காரவில்லை. மரியாதை தெரிந்தவர்.

செவ்வாய்க்கிழமை வந்தது. மெக்கானிக் பையை வைத்தார், கையைத் துடைத்தார், பச்சைத் துண்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"யாராச்சும் வர்றாங்களாக்கா?"

"வரணும்னு ஒரு ஏற்பாடு தம்பி. நீங்க என் நாற்காலில உக்காருங்க. நான் இந்த முக்காலில உக்காந்துக்கறேன்."

"ஐயோ, அது உங்க சீட்டுக்கா. நான் நிக்கறேன். நாங்க நின்னேதான் பழக்கம்." வற்புறுத்தியதில் முக்காலியை அவர் எடுத்துக்கொண்டார். முக்காலி தாழ்வானது. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அப்படி உட்கார்ந்து பேசும்போது அவர் பேச்சு தரையைப் பார்த்துப் போயிற்று. அன்று ரோலரைப் பற்றி மட்டும் பேசினார். அந்த வாக்கியம் தொண்டைக்கே வரவில்லை.

மறுநாள் அவள் அலுவலருக்கு போன் செய்தாள். "ஏம்மா, நெஜமா வர்ற ஒருத்தர் உக்கார எடமில்லாம இருக்கார். அந்தத் துண்டை எடுத்துடட்டுமா?"

"எடுக்கவே கூடாது மேடம்! அவர் உக்காந்தா நாற்காலி அவரைப் பழகிக்கும். அப்புறம் பச்சை மேடம் வாசல் வரைக்கும் வந்து, இது நமக்கான எடமில்லைன்னு திரும்பிப் போயிடுவாங்க. நீங்க அறையைக் காப்பாத்தணுமா வேணாமா?"

அறையைக் காப்பாற்ற வேண்டும். அவள் துண்டை எடுக்கவில்லை.

மன்றத்தில் மாதக் கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைய ஆலோசகர்கள், எல்லோருக்கும் தலை ஒரே அளவில் சாய்ந்திருந்தது. ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "நீங்க... வாடிக்கையாளரா?" "இல்லைங்க, நானும் ஆலோசகர்தான்." வெளிச்சம் போய்விடும். அன்று மண்டபத்தின் கடைசிக் கதவு வழியாக வெளிர் பச்சையில் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். அந்தப் பச்சையைப் பார்த்ததுதான் தாமதம், மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எத்தனை அலுவலர்கள் எத்தனை பேருக்கு அதே பச்சை மேடத்தை வரைந்து கொடுத்திருந்தார்களோ! "வாங்க, தூக்கம் வருதா?" "செடி எல்லாம் எப்படி இருக்கு?" "உங்களுக்காக நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்." அந்த அம்மாள் மிரண்டு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மண்டபத்தைக் கூட்டுகிறவர் அவர். அது சீருடை.

"எனக்கு ஒன்னும் இல்லீங்க. விளக்குமாறுதான் தொலைஞ்சு போச்சு," என்றார்.

அதற்குப் பிறகும் நாலைந்து பேர் தங்கள் அட்டையை அவர் கையில் திணித்துவிட்டுத்தான் போனார்கள்.

வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பச்சை மேடம் வரவில்லை. அலுவலர் நேரிலேயே வந்து பார்த்துவிடுவது என்று வந்தாள். வந்த நாள் செவ்வாய்க்கிழமை. மெக்கானிக் முக்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று என்னவோ தெரியவில்லை, ரோலர், கம்பிக்கயிறு எல்லாம் முடிந்து அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். கேக்கறக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வணக்கம்!" என்று கதவைத் திறந்துகொண்டு வந்தாள் அலுவலர். "தொந்தரவு பண்ணமாட்டேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் ஒரு மாற்றத் தருணம் மட்டும் வீடியோ எடுத்துக்கறேன்." போனை நீட்டினாள். "சார், நீங்க வரும்போது எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்க? சுருக்கமா."

மெக்கானிக் யோசித்தார். "வரும்போது படி ஏறி வந்தேன். இப்ப எறங்கணும்."

"அது இல்ல சார். உள்ளுக்குள்ள."

"உள்ளுக்குள்ள..." அவர் கேக்கறக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. அடகு வைத்த நகையை வேறு யாரோ போட்டுக்கொண்டு எதிரே வருவதைப் பார்க்கிற பார்வை அது.

"வெளில போம்மா," என்றாள் கேக்கறக்கா அலுவலரிடம். முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. அதற்குள் மெக்கானிக் பையை எடுத்துவிட்டார்.

"பரவால்லக்கா. அந்தச் சீட்டுக்கு ஆள் வரட்டும். உங்களுக்கு ஒரு வழி பொறக்கட்டும். அப்புறமா நான் வரேன்."

படி இறங்குகிற சத்தம் கேட்டது. அலுவலர் பெருமூச்சு விட்டாள். "இவரெல்லாம் சரிப்பட மாட்டார் மேடம். மாசக்கணக்கா வர்றார், அழமாட்டேங்கறார், குணமாகவும் மாட்டேங்கறார், யாரையும் கூட்டிட்டும் வரமாட்டேங்கறார். பூக்காத செடிக்கு ஏன் தண்ணி?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. போன் செய்தால், "வேலைல இருக்கேன்க்கா, ஆள் வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கேக்கறக்கா பச்சைத் துண்டை எடுத்து மடித்து அலமாரிக்குள் போட்டாள். அவ்வளவு நாள் கழித்து எடுத்து என்ன பயன்? இப்போது இரண்டு நாற்காலியுமே காலி.

இந்த நிலைமையில்தான் மன்றம் அவளுக்கு ஒரு விருது அறிவித்தது. அந்த வருஷம் எந்த உறுப்பினருக்கும் வாடிக்கையாளர் வந்தபாடில்லை. விழா நடத்தாமலும் இருக்க முடியாது. எனவே, அதிக நாள் இடைவிடாமல் காலி நாற்காலியைப் பராமரித்தவருக்கு விருது என்று முடிவு செய்தார்கள்.

"போகாதே," என்றார் கணவர். "ஓடாத வண்டிக்கு மாலை போடறானுங்க."

"போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்," என்றாள்.

கட்டட வாசலில் தலைவரே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வளர்ச்சி அலுவலர், கையில் போன். மூவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். பாதி வழியில் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. 'உயர்வோம்' இருட்டில் மறைந்தது.

"இளைப்பாறுவோம்," என்றார் தலைவர், பழக்க தோஷத்தில். பிறகு கதவைப் பலமாகத் தட்ட ஆரம்பித்தார். கேக்கறக்கா சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூடிய இடம் ஆகாது. ஆஸ்பத்திரியிலும் கதவு வேண்டாம், திரைச்சீலை போதும் என்று கேட்டு வாங்கியவள் அவள். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேல் மாடிக் கதவின் இடுக்கில் டார்ச் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது.

"உள்ள யாரு? பயப்படாதீங்க."

அந்தக் குரல்! "தம்பி," என்றாள் அவள். மூச்சு வாங்கியது.

"அக்காவா?" குரல் பதறிவிட்டு, பிறகு இடுக்குக்கு மிக அருகில் வந்தது. அவர் தரையில் படுத்திருக்க வேண்டும். "அக்கா, ஒன்னும் ஆகாது. கயிறு நல்லா இருக்கு. ரோலர்தான் மாட்டிக்கிச்சு. நீங்க மூச்சை விடுங்க. நீங்க எனக்குச் சொல்லுவீங்களே, அந்த மாதிரி மெதுவா. மெயினை ஆஃப் பண்ணிட்டேன்க்கா. போய்ப் பாத்துட்டு, திரும்பவும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். இப்பல்லாம் ரெண்டு தடவை பாக்கறேன்."

பேச்சு நின்றது. இருட்டில் யாரும் யாரையும் பார்க்க முடியாது. உட்கார நாற்காலி இல்லை, போர்த்தத் துண்டு இல்லை. ஒரு இடுக்கு, அவ்வளவுதான்.

"அன்னிக்கு மெயின் சுவிட்சை..." என்றது குரல்.

கேக்கறக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லுங்க தம்பி. இருக்கேன்."

"அன்னிக்கு மெயின் சுவிட்சை நான்..."

"எடுக்கறியா?" என்று தலைவர் கிசுகிசுத்தார். "எடுத்துட்டிருக்கேன் சார்," என்றாள் அலுவலர். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே பார்த்து, மிகுந்த கனிவோடு சொன்னார்: "தம்பி, ரொம்ப நல்லா வருது. கொஞ்சம் சத்தமா, முதல்லேர்ந்து."

டார்ச் வெளிச்சம் அணைந்தது.

அதற்குப் பிறகு படியில் ஏறுகிற காலடி கேட்டது. உச்சியில் எங்கோ சக்கரத்தைக் கையால் சுற்றுகிற சத்தம். லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக, ஆடாமல் அசங்காமல், கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி கீழ் மாடிக்கு வந்து நின்றது. காவலாளி சாவி போட்டுக் கதவைத் திறந்தார். கேக்கறக்கா விழாவுக்கு நிற்கவில்லை, மாடி மாடியாக ஏறி ஓடினாள். உச்சியில் இயந்திர அறை பூட்டிக் கிடந்தது; அவர் பின்படி வழியாக இறங்கிப் போயிருந்தார். வாசலில் கை துடைக்கிற துணி மட்டும் விழுந்திருந்தது.

மறுநாள் மன்றம் லிஃப்ட்டுக்குள் எடுத்த அந்த வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டது. இருட்டு, ஒரு கோடு வெளிச்சம், ஒரு ஆண் குரல்: "அன்னிக்கு மெயின் சுவிட்சை நான்..." அதன் கீழே கேக்கறக்காவின் அக்கறை முகம், அவள் அறையின் முகவரி. 'உங்களிடமும் முடியாத வாக்கியம் இருக்கிறதா?'

அவள் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "எடுத்துடுங்க சார். அது அவர் என்கிட்ட சொன்னது."

தலைவர் கோபப்படவே இல்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அம்மா, நாம பேரைச் சொன்னோமா? முகத்தைக் காட்டினோமா? வெறும் குரல். அதுவும் பாதி. பாதியில என்ன ரகசியம் இருக்கு? முழுசாச் சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன், ஏன்னா முழுசாச் சொல்லிட்டா எவனும் வரமாட்டான். நீங்க இத்தனை மாசம் அந்த ஆளைக் குணப்படுத்தாம வெச்சிருந்தீங்க பாருங்க, அதுதாம்மா உங்க மூலதனம்!"

பலன் உடனே தெரிந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது, ஓயாமல். முதலில் வந்தவர் ஓர் அம்மாள். கம்பெனியில் நடு உத்தியோகம். சத்தியமாக, உடுத்தியிருந்ததும் வெளிர் பச்சை. நாற்காலியில் வாகாக உட்கார்ந்து, செடிகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். பிறகு முன்னால் குனிந்தார்.

"அந்த ஆளு... சுவிட்சை என்ன பண்ணாரு?"

"எனக்குத் தெரியாதுங்க."

"சும்மா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நெஜமாத் தெரியாது. அவர் சொல்லலை. அடுத்த வாரம் சொல்றேன்னுதான் சொல்லுவார்."

"அப்படியா?" அந்த அம்மாள் முகத்தில் ஒரு மலர்ச்சி. "அப்ப நானும் அடுத்த வாரம் வரேன்."

அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அவருக்கு அடுத்தவரும். எல்லோருக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். எல்லோரும் அடுத்த வாரம் வந்தார்கள். தங்கள் கஷ்டம் எதையும் அவர்கள் சொல்லவில்லை, சொல்ல நேரமில்லை. சொந்தக்காரர் வந்து படியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நகக் கடைக்காரருக்கு வேறு இடம் காட்டினார். "ரூம் உங்களுக்குத்தாம்மா. எவ்வளவு நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க," என்றார். மன்றம் அவளுடைய முறைக்கு 'அடுத்த வார முறை' என்று பெயர் வைத்து மற்றவர்களுக்குப் பாடமாக நடத்த ஆரம்பித்தது. காகிதப் பெட்டியைக் கண்ணாடிக் கடைக்காரர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். இப்போதும் யாரும் அழவில்லை. டீ சிந்தினால் துடைக்க உதவியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் அவள் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. கணவர் 'இன்று விடுமுறை' என்று எழுதிப் படியடியில் மாட்டிவைத்தார். அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்திருப்பாள். மின்விசிறி உச்சுக் கொட்டும். படியில் காலடி கேட்கத்தான் செய்யும். விடுமுறை என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது, அந்த ஆளே வரப்போகிறார் போலிருக்கிறது என்று ஒரு கூட்டம் அன்றைக்கும் வந்து படியெல்லாம் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு காலடிக்குள் ஒரு காலடியை எப்படிப் பிரித்துக் கேட்பது? காதே தொழிலாக இருந்தவளுக்கும் அது முடியவில்லை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்குப் போடுகிற நேரத்தில், கண்ணாடிக் கடைக்காரர் ஆட்களைத் தாண்டித் தாண்டி மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உங்க பையோட வர்றவர் வந்திருந்தார். பாத்தீங்களா?"

அவள் எழுந்துவிட்டாள். "எங்க?"

"கீழதான் நின்னார், ரொம்ப நேரம். மேல வாங்கன்னு கூப்பிட்டேன். படியைப் பாத்தார். எல்லார் கைலயும் போன், எல்லாத்துலயும் அந்தக் குரல்தான். கேட்டுட்டே நின்னார். அப்புறம், 'அக்காவுக்கு ஆள் வந்துடுச்சு, உக்கார எடமில்ல போலிருக்கு'ன்னார். போயிட்டார்."

"எந்தப் பக்கம் போனார்?"

"கூட்டத்துல தெரியலக்கா."

அவள் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். வேலை முடிந்து போகிறவர்கள், எத்தனையோ பேர், எத்தனையோ பைகள். அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் யாரோ புதிதாக வந்து உட்கார்ந்து போனை எடுத்தார்கள்.

"அன்னிக்கு மெயின் சுவிட்சை நான்..." என்றது அது.